அம்மாவுக்கு 12 வருடப் பிரஷர், கிரியாட்டினின் 1.1 ‘நார்மல்’. இதை அப்படியே நம்பலாமா?

வைகைக்கரை செல்வி (மதுரை) · ஜனவரி 12, காலை 7:40

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 66 வயது, எடை 43 கிலோதான். 12 வருடமாகப் பிரஷர் இருக்கிறது. தினமும் அம்லோடிபின் 5 மி.கி. ஒன்று சாப்பிடுகிறார். சர்க்கரை இல்லை. போன வாரம் கண்புரை அறுவைக்காக ரத்தம் கொடுத்தோம். கிரியாட்டினின் 1.1 வந்தது. பக்கத்திலேயே 0.6 – 1.2 என்று அளவு போட்டிருப்பதால் கிட்னி நார்மல் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆனால் அன்று பிரஷர் 158/92.

எனக்கு மனசு ஒப்பவில்லை. அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, டயாலிசிஸில் இருந்துதான் போனார். நேற்று அத்தை வீட்டு பீரோவில் அவருடைய பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்து வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். 0.9, 1.0, 1.2, 1.2. எல்லாவற்றிலும் ‘நார்மல்’. அப்புறம் இரண்டு வருடம் ரிப்போர்ட்டே இல்லை. அடுத்த தாளில் 4.6.

என் கேள்வி இதுதான்: பிரஷர் உள்ளவர்களுக்குக் கிட்னி கெடத் தொடங்குவதைக் கிரியாட்டினினைவிட முன்னாலேயே காட்டும் ரத்தப் பரிசோதனை இருக்கிறதா?

சோதனைக்குழாய் (திண்டுக்கல்) · ஜனவரி 12, காலை 9:15

அக்கா, நான் 19 வருடமாக லேப் டெக்னீஷியன். நீங்கள் சந்தேகப்பட்டது ரொம்பச் சரி.

கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. தசை அதிகம் உள்ளவர்களுக்கு அதிகம் ஊறும், மெலிந்தவர்களுக்குக் குறைவாக ஊறும். 43 கிலோ இருக்கும் அம்மாவுக்கு ஊறுவதே கொஞ்சம். அந்தக் கொஞ்சத்திலும் 1.1 தேங்கி நிற்கிறது என்றால் வடிகட்டுவது குறைந்திருக்கிறது என்று அர்த்தம். ரிப்போர்ட்டில் அச்சாகும் 0.6 – 1.2 என்பது வயதையும் உடம்பையும் பார்த்துப் போட்ட அளவில்லை.

அதனால் அந்த எண்ணை இஜிஎஃப்ஆர் ஆக மாற்றிப் பார்க்க வேண்டும். கிட்னி ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லி ரத்த நீரை வடிகட்டுகிறது என்ற மதிப்பீடு அது. 2021-இல் வந்த சிகேடி-எபி சூத்திரத்தில் அம்மாவின் கணக்கைப் போட்டேன். 55 வருகிறது. அதே 1.1 ஒரு 28 வயதுப் பையனுக்கு வந்திருந்தால் 94. எண் ஒன்றுதான், கிட்னி வேறு வேறு.

60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் நாள்பட்ட சிறுநீரக நோய் என்பார்கள். ஒரு தடவை பார்த்து முடிவு கட்டக் கூடாது. மறுபடி எடுக்கும்போது முந்தின இரவு கறிச்சாப்பாடு வேண்டாம். வெந்த கறியில் கிரியாட்டினின் உண்டு, சில மணி நேரத்துக்கு எண்ணை ஏற்றிவிடும். எடுக்கப் போகும் லேபில் எந்த முறையில் பார்க்கிறார்கள் என்றும் கேளுங்கள். ஜாஃபே என்பது 1886-லிருந்து இருக்கும் முறை. மஞ்சள் பிக்ரிக் அமிலத்தில் கலந்தால் ஆரஞ்சு நிறம் ஏறும், அந்த நிறத்தை அளப்போம். கிரியாட்டினின் இல்லாத வேறு சில பொருள்களும் அதே நிறத்தைக் கொடுக்கும் என்பதுதான் அதில் சிக்கல். என்சைம் முறை இன்னும் துல்லியம்.

நீங்கள் கேட்ட ரத்தப் பரிசோதனையின் பெயர் சிஸ்டாட்டின் சி. மதியம் எழுதுகிறேன், இப்போது சாம்பிள் கூட்டம்.

நெல்லை மருத்துவர் (ஓய்வு) · ஜனவரி 12, காலை 11:02

அம்மா செல்வி, தம்பி சொன்ன கணக்கு சரி. உன் மாமாவின் தாள்களில் ஏன் அப்படி இருந்தது என்று சொல்கிறேன்.

ஒவ்வொரு கிட்னியிலும் நெஃப்ரான் என்ற நுண் வடிகட்டிகள் சராசரியாகப் பத்து லட்சம். பிரஷர் கூடுதலாகவே இருந்தால், அந்த வடிகட்டிகளுக்குள் ரத்தம் கொண்டுபோகும் மெல்லிய தமனிகளின் சுவர் தடித்து, உள்வழி குறுகும். சில வடிகட்டிகள் பட்டினி கிடந்து தழும்பாகும். உடனே மிச்சம் இருப்பவை அந்த வேலையையும் சேர்த்துச் செய்யும். வயலில் பத்துப் பேரில் நாலு பேர் வராத அன்று ஆறு பேர் இழுத்துப் போட்டு நடுவதைப் போல. மாலையில் பார்த்தால் நடவு முடிந்திருக்கும், ஆள் குறைந்தது தெரியாது. அதோடு, வடிகட்டும் அளவு குறையும்போது கிட்னியின் நுண்குழல்கள் கிரியாட்டினினைக் கூடுதலாகச் சிறுநீருக்குள் தள்ளிவிடும். இரண்டும் சேர்ந்து, பாதி வேலைத்திறன் போகும் வரைக்கும் ரத்தத்தில் எண் பெரிதாக அசையாமல் இருக்கலாம். அதன்பிறகு ஒவ்வொரு சறுக்கலுக்கும் கிடுகிடுவென ஏறும். 1.2, 1.2, 4.6 என்ற வரிசை அப்படித்தான் வந்திருக்கும்.

ஆனால் ரத்தத்தையே தேடிக்கொண்டிருக்காதே. நாளைக் காலை முதல் சிறுநீரை எடுத்து ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம் பார். ஆல்புமின் ரத்தத்தில் உள்ள புரதம், வடிகட்டி கெட்டால் சிறுநீரில் ஒழுகும். யுஏசிஆர் என்று எழுதித் தருவார்கள். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, 30 முதல் 300 எச்சரிக்கை, அதற்கு மேல் தீவிரம். 1827-இல் லண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட் நோயாளியின் சிறுநீரைக் கரண்டியில் ஊற்றி மெழுகுவத்திச் சுடரில் காட்டினார். ஆல்புமின் இருந்தால் முட்டை வெள்ளைக்கரு போல் உறையும். கிட்னி நோயை அப்படித்தான் உயிரோடு இருப்பவரிடம் கண்டார். இன்றைக்கும் அதுவே முதல் மணி.

சோதனைக்குழாய் (திண்டுக்கல்) · ஜனவரி 12, மதியம் 2:48

சிஸ்டாட்டின் சி பற்றி. இது ஒரு சின்னப் புரதம், 13 கிலோடால்டன். கருவுள்ள எல்லா உயிரணுக்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுரக்கின்றன. கிட்னி அதை வடிகட்டி, நுண்குழலிலேயே சிதைத்துவிடும். வடிகட்டல் குறைந்தால் ரத்தத்தில் தேங்கும். தசையோடு பெரிய சம்பந்தம் இல்லை, கறி தின்றாலும் மாறாது. ஸ்வீடனின் லுண்ட் நகரத்து ஆண்டர்ஸ் குரூப்பும் கூட்டாளிகளும் 1985-இல் இதைக் கிட்னி வேலைக்கு அளவுகோலாக முன்வைத்தார்கள்.

அதற்கும் குறை உண்டு. தைராய்டு கூடினாலும் குறைந்தாலும், ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தாலும், அதிக உடல் பருமன், புகைப்பழக்கம், உடம்பில் அழற்சி இருந்தாலும் எண் மாறும். அதனால் இதைத் தனியாக நம்பாமல், கிரியாட்டினினையும் சேர்த்துக் கணக்குப் போடுவதுதான் உண்மைக்கு மிக அருகில் வருகிறது. சர்வதேசச் சிறுநீரக அமைப்பான கேடிகோவின் 2024 வழிகாட்டுதலும் வசதி இருக்கும் இடத்தில் இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது.

டாக்டர் ஐயாவிடம் ஒரே ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். பிரஷரால் மட்டும் கெடும் கிட்னியில் பல சமயம் ஆல்புமின் அதிகம் ஒழுகாது. சிறுநீர் சுத்தமாக இருக்கும், இஜிஎஃப்ஆர் மட்டும் மெல்ல இறங்கும். சிறுநீரை மட்டும் பார்த்தால் அவர்களை விட்டுவிடுவோம்.

நெல்லை மருத்துவர் (ஓய்வு) · ஜனவரி 12, மாலை 4:20

ஒப்புக்கொள்கிறேன் தம்பி. இரண்டும் வேண்டும். நான் வேகப்பட்டதற்குக் காரணம், இத்தனை வருடத்தில் நான் பார்த்த பிரஷர்காரர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கிரியாட்டினின் எடுத்திருப்பார்கள், சிறுநீர் ஆல்புமினை யாரும் எழுதித் தந்திருக்க மாட்டார்கள். டாக்டர் எம்.கே. மணி தொடங்கிய சென்னை கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், சென்னையை ஒட்டிய கிராமங்களில் இதை மிக எளிதாகச் செய்து காட்டியது. ஓரளவு படித்த உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். சிறுநீரில் சல்ஃபோசாலிசிலிக் அமிலச் சொட்டு, கலங்கினால் புரதம். சர்க்கரைக்கு பெனடிக்ட் கரைசல், அப்புறம் பிரஷர் கருவி, அவ்வளவுதான். பிரஷரையும் சர்க்கரையையும் விலை மலிந்த மாத்திரைகளாலேயே கட்டுப்படுத்தினார்கள். எந்தப் புது மார்க்கரும் வேண்டியிருக்கவில்லை.

இரும்புத்தோள் (ஓசூர்) · ஜனவரி 12, இரவு 10:31

எனக்கு நேர் எதிரான கதை. 31 வயது, 88 கிலோ, ஆறு வருடமாக ஜிம். கம்பெனி செக்கப்பில் பிரஷர் 150/100, கிரியாட்டினின் 1.4, பக்கத்தில் சிவப்பில் ‘அதிகம்’. இஜிஎஃப்ஆர் 69 என்று போட்டிருந்தது. இரண்டு நாள் தூக்கமே இல்லை. டாக்டர் சிஸ்டாட்டின் சி எழுதிக் கொடுத்தார். 0.82 வந்தது, அதன்படி இஜிஎஃப்ஆர் 114. தசையும், தினமும் குடித்த கிரியேட்டின் பவுடரும்தான் எண்ணை ஏற்றியிருக்கிறது. இப்போது நான் நிம்மதியாக இருக்கலாமா?

நெல்லை மருத்துவர் (ஓய்வு) · ஜனவரி 13, காலை 6:55

கிட்னி வடிகட்டுகிறது என்பதில் நிம்மதிப்படு. 150/100 பற்றி நிம்மதிப்படாதே. பிரஷரால் கிட்னி கெடுவது போலவே கிட்னியில் கோளாறு இருந்தும் பிரஷர் ஏறும். உன் வயதில் முதலில் தேட வேண்டியது அதைத்தான். யுஏசிஆர், சிறுநீரில் ரத்த அணு, வயிற்று ஸ்கேன் மூன்றும் பார்த்துவிடு. பவுடரை நிறுத்து. உடம்பு வலிக்கு வலி மாத்திரை போடும் பழக்கம் இருந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்காதே, அதுவும் கிட்னியைக் கெடுக்கும்.

மாங்குயில் (கோவை) · ஜனவரி 13, காலை 10:10

ஒரு லேபின் ‘அட்வான்ஸ்டு கிட்னி பேக்கேஜ்’ விளம்பரம் வந்தது. என்கேல், கிம்-1, எஃப்ஜிஎஃப்-23, யூரிக் அமிலம் எல்லாம் இருக்கிறது. அப்பாவுக்குப் பிரஷர். விலை கையைக் கடிக்கிறது, ஆனால் கிட்னி விஷயமாயிற்றே என்று யோசிக்கிறேன். எடுக்கலாமா?

சோதனைக்குழாய் (திண்டுக்கல்) · ஜனவரி 13, மதியம் 1:25

நான் லேபில் வேலை செய்பவன், இருந்தும் சொல்கிறேன்: அந்தக் காசை வைத்துக்கொள்ளுங்கள்.

என்கேல், கிம்-1 இரண்டும் நுண்குழல் அடிபட்டால் வெளிவருபவை. பெரிய இதய அறுவைக்குப் பிறகு, தீவிர சிகிச்சைப் பிரிவில், கிட்னிக்குத் திடீர் அடி விழுந்ததா என்று சீக்கிரம் பார்ப்பதில் அவற்றுக்கு மதிப்பு இருக்கிறது. என்கேல் ரத்த வெள்ளையணுவிலும் இருப்பதால் ஒரு சாதாரணக் கிருமித்தொற்றுக்கே ஏறும். வீட்டிலிருந்து நடந்து வரும் பிரஷர்காரருக்கு அந்த எண்ணை வைத்து எந்த மாத்திரையும் மாறப்போவதில்லை. எஃப்ஜிஎஃப்-23 பாஸ்பேட்டோடு சம்பந்தப்பட்ட ஹார்மோன், கிட்னி கெடக் கெட சீக்கிரமே ஏறும். ஆராய்ச்சிக்கு அருமையான பொருள், அன்றாட வைத்தியத்தில் அதற்கு இன்னும் இடமில்லை. யூரிக் அமிலம் கிட்னி வேலை குறைந்தாலும் ஏறும், பிரஷருக்குக் கொடுக்கும் தயசைடு மாத்திரையாலும் ஏறும். அதை வைத்துக் கிட்னியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

கிரியாட்டினினோடு இஜிஎஃப்ஆர், பொட்டாசியம், யுஏசிஆர். முதலில் இவ்வளவு போதும். இஜிஎஃப்ஆர் 45-க்கும் 60-க்கும் நடுவில் நின்று சிறுநீரும் சுத்தமாக இருந்தால், அல்லது ஆள் ரொம்ப ஒல்லியாகவோ ரொம்பத் தசையாகவோ இருந்தால், சிஸ்டாட்டின் சி.

இன்னொன்று. சில லேபில் யூரியா என்று போடுவார்கள், சில லேபில் பியுஎன், அதாவது யூரியாவில் உள்ள நைட்ரஜன் மட்டும். இரண்டும் ஒன்றில்லை. பியுஎன்னை 2.14-ஆல் பெருக்கினால் யூரியா. 15 இருந்தது 32 ஆகிவிட்டது என்று அழுதுகொண்டு வந்தவர்களை நான் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்திருக்கிறேன். ஒன்றுமே மாறவில்லை, லேப்தான் மாறியிருந்தது.

மூன்றாம் நாள் (தஞ்சாவூர்) · ஜனவரி 14, காலை 5:30

நான் டயாலிசிஸ் நோயாளி. 54 வயது. செவ்வாய், வியாழன், சனி. நாளை போக வேண்டும், அதற்கு முன்னால் எழுதிவிடுகிறேன்.

பதினோரு வருடம் பிரஷர் மாத்திரை சாப்பிட்டேன். சாப்பிட்டேன் என்று சொல்வதைவிட, தலை வலித்தால் சாப்பிட்டேன் என்பதே உண்மை. முழங்கால் வலிக்குக் கடையில் கேட்டு டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுவேன். சிறுநீரில் நுரை வரும், பக்கெட்டுத் தண்ணீர் ஊற்றினாலும் போகாது. சோப்பு நுரை என்று நினைத்தேன். ஒரு மருத்துவமனையில் இரண்டு முறை கிரியாட்டினின் பார்த்தார்கள், இரண்டு முறையும் பரவாயில்லை என்றார்கள். சிறுநீர் பார்க்கவில்லை. மூச்சு வாங்கிப் போய்ப் படுத்த அன்று 6.8.

இப்போது இடது முழங்கையில் ஃபிஸ்டுலா, டயாலிசிஸ் ஊசிக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடம். காலையில் எழுந்ததும் முதல் வேலை, வலது கை விரல்களை அதன்மேல் வைத்துப் பார்ப்பது. பூனை வயிறு போல உள்ளே குறுகுறு என்று ஓடும். அது ஓடினால்தான் அடுத்த டயாலிசிஸ். செல்வி தங்கச்சி, நீங்கள் 1.1-லேயே கேட்டுவிட்டீர்கள். அம்மாவை விடாமல் கூட்டிப் போங்கள்.

வைகைக்கரை செல்வி (மதுரை) · ஜனவரி 14, காலை 8:05

அண்ணா, உங்கள் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அவரே உள்ளே போய் அலமாரியில் முந்தானைத் துணிக்குள் சுருட்டி வைத்திருந்த வலி மாத்திரை அட்டையை எடுத்து வந்து என் கையில் வைத்தார். முட்டி வலிக்கு வாரத்தில் நாலு. எனக்கு இன்றுவரை தெரியாது.

வைகைக்கரை செல்வி (மதுரை) · ஜனவரி 29, இரவு 8:50

ரிசல்ட் வந்துவிட்டது. வலி மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் கழித்துத்தான் எடுத்தோம்.

கிரியாட்டினின் மறுபடி 1.1. இஜிஎஃப்ஆர் 55. சிஸ்டாட்டின் சி 1.48, அதை மட்டும் வைத்தால் 42, இரண்டையும் சேர்த்தால் 49. யுஏசிஆர் 186. ஸ்கேனில் இரண்டு கிட்னியும் கொஞ்சம் சிறுத்திருக்கிறது. தைராய்டு சரியாக இருக்கிறது. சிறுநீரக மருத்துவர் அம்லோடிபினோடு டெல்மிசார்ட்டன் 40 என்ற இன்னொரு பிரஷர் மாத்திரையைச் சேர்த்திருக்கிறார். இரண்டு வாரத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும் என்றார்.

அம்மா கல் உப்பை விட்டுவிட்டு இந்துப்புக்கு மாறிவிட்டதாகப் பெருமையாகச் சொன்னார். அதுவும் பெரும்பாலும் சோடியம்தான், அளவைக் குறைத்தால்தான் பலன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊறுகாய் ஜாடி மேல் தட்டுக்குப் போய்விட்டது.

வைகைக்கரை செல்வி (மதுரை) · பிப்ரவரி 13, மதியம் 12:12

அவசரம். இன்றைக்குக் கிரியாட்டினின் 1.3! இஜிஎஃப்ஆர் 45 என்று வந்திருக்கிறது. பொட்டாசியம் 4.9. பிரஷர் 132/80. டாக்டரைத் திங்கள்தான் பார்க்க முடியும். மாத்திரைதான் கிட்னியைக் கெடுக்கிறது, நிறுத்திவிடு என்று சித்தப்பா சொல்கிறார்.

நெல்லை மருத்துவர் (ஓய்வு) · பிப்ரவரி 13, மதியம் 12:40

நிறுத்தாதே அம்மா. அந்த மாத்திரை வடிகட்டிக்குள் இருக்கும் ரத்த அழுத்தத்தைத் தணிக்கிறது. அழுத்தம் தணிந்தால் வடியும் அளவு கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், எண் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். தொடங்கிய நாலு வாரத்துக்குள் 30 சதவீதம் வரை ஏறினால் மாத்திரையைத் தொடரலாம் என்பதே வழக்கம். 1.1 இலிருந்து 1.3 என்றால் 18 சதவீதம். பொட்டாசியமும் எல்லைக்குள்தான் இருக்கிறது. இந்தச் சரிவு, வயலில் இழுத்துப் போட்டு நட்ட அந்த ஆறு பேரையும் நிழலில் கொஞ்சம் உட்கார வைப்பது மாதிரி.

திங்கள் வரை இரண்டு விஷயம் கவனி. இளநீர் தினமும் கொடுக்கிறாயா? இந்த மாத்திரையோடு பொட்டாசியம் ஏறும், குறைத்துக்கொள். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள், அதை வாங்கவே வாங்காதே. வாந்தி பேதி வந்து உடம்பில் நீர் வற்றினால் மட்டும் உடனே டாக்டருக்குப் போன் போடு, அந்த நாட்களில் மாத்திரையை நிறுத்தி வைக்கச் சொல்லலாம்.

சோதனைக்குழாய் (திண்டுக்கல்) · பிப்ரவரி 13, மாலை 6:33

அக்கா, அதே லேபில்தானே எடுத்தீர்கள்? இனிமேலும் அங்கேயே எடுங்கள். லேப் மாறினால் 0.1 இப்படி அப்படி ஆகும், வீணாகப் பயப்படுவீர்கள். ரத்தம் எடுக்கும்போது அம்மா கையை இறுக்கி இறுக்கி மூட வேண்டாம், பொட்டாசியம் பொய்யாக ஏறும்.

மாங்குயில் (கோவை) · பிப்ரவரி 15, காலை 9:00

பேக்கேஜ் எடுக்கவில்லை. யுஏசிஆர் மட்டும் எடுத்தோம். அப்பாவுக்கு 12, இஜிஎஃப்ஆர் 81. வருடம் ஒருமுறை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். சோதனைக்குழாய் அண்ணாவுக்கு நன்றி.

வைகைக்கரை செல்வி (மதுரை) · மே 4, இரவு 9:17

மூன்று மாதம் ஆகிவிட்டது. கிரியாட்டினின் 1.2-இல் நிற்கிறது. யுஏசிஆர் 186 இலிருந்து 94. நாள்பட்ட சிறுநீரக நோய் என்று டாக்டர் உறுதியாகவே எழுதிவிட்டார். அடுத்து டாபாகிளிஃப்ளோசின் சேர்க்கலாம் என்கிறார். சர்க்கரை மாத்திரை எதற்கு என்று கேட்டேன். சர்க்கரை இல்லாதவர்களுக்கும் கிட்னியைக் காப்பாற்றும் என்று 2020-இல் டாபா-சிகேடி ஆய்வில் தெரிந்தது என்றார்.

கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. அம்மா இப்போது பிரஷர் கருவியின் எண்ணைக் கண்ணாடி இல்லாமல் தானே படித்து காலண்டரில் எழுதுகிறார். தஞ்சாவூர் அண்ணா, உங்கள் கையில் ஓட்டம் எப்படி இருக்கிறது?

மூன்றாம் நாள் (தஞ்சாவூர்) · மே 5, காலை 5:10

ஓடுகிறது தங்கச்சி. இப்போதுதான் தொட்டுப் பார்த்தேன்.